கிழித்துப் போட்ட சீட்டு

ஒரு துண்டுச் சீட்டு. டாக்டர் கையெழுத்திட்டது. இவருக்கு உடல்நலமில்லை, இத்தனை நாள் வேலைக்கு அனுப்பாதீர் என்று சொல்லும் சீட்டு.

நம் ஆலைத் தொழிலாளி இந்தச் சீட்டுக்காக இ.எஸ்.ஐ. மருந்தகத்தின் வாசலிலே கால் கடுக்க நிற்கிறான். கிடைத்தால், நாலாக மடித்துச் சட்டைப் பையிலே வைத்து, மழை தூறினால் பையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு வீடு போய்ச் சேருகிறான். ஏனென்றால் அந்தச் சீட்டுக்கு விலை உண்டு. கூலியில் நூற்றுக்கு எழுபது, ஆண்டுக்கு 91 நாள் வரை, அதைக் காட்டினால் கிடைக்கும். சீட்டு அவனுக்குச் சோறு.

ஜெர்மனி நாட்டிலே ஒருவனுக்கும் டாக்டர் அப்படியொரு சீட்டைக் கொடுத்தார். அவன் மடித்து வைக்கவில்லை, கிழித்துப் போட்டான். கிழித்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனான். அவன் பார்த்த வேலை, ஆகாய விமானம் ஓட்டுவது!

2015 மார்ச் 24. ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவிலிருந்து ஜெர்மனியின் டுசல்டார்ப் நகருக்குக் கிளம்பியது ஜெர்மன்விங்ஸ் கம்பெனியின் ஏர்பஸ் விமானம். பயணிகள் 144 பேர், ஊழியர்கள் 6 பேர். பயணிகளிலே 16 பேர் பள்ளிப் பிள்ளைகள். ஹால்டெர்ன் என்ற சிற்றூரிலிருந்து ஸ்பெயினுக்குப் போய்விட்டு, ஆசிரியர் இருவரோடு வீடு திரும்பிக் கொண்டிருந்த பிள்ளைகள். 38,000 அடி உயரத்திலே தலைமை விமானி இருக்கையை விட்டு எழுந்து வெளியே சென்றார். உள்ளே தனியாக இருந்த துணை விமானி, 27 வயது வாலிபன், கதவைப் பூட்டிக்கொண்டான். தானியங்கிக் கருவியிலே உயரம் 100 அடி என்று திருகி வைத்தான். தலைமை விமானி தட்டினார், கூவினார், இடித்தார். கதவு அசையவில்லை. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு, வெளியிலிருந்து எந்தப் பாவியும் உடைத்து நுழைந்துவிடக் கூடாதென்று பலப்படுத்திய கதவல்லவா அது! பாவி உள்ளேயே இருப்பான் என்று யார் நினைத்தார்கள்? பத்து நிமிடம்போல இறங்கிக்கொண்டே வந்த விமானம், பிரெஞ்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையிலே மோதிச் சிதறிற்று. 150 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அவன் வீட்டைச் சோதனை போட்ட அதிகாரிகள் கண்டெடுத்ததுதான் நாம் சொன்ன அந்தச் சீட்டு. விபத்து நடந்த நாளுக்கும் சேர்த்து எழுதிக் கொடுக்கப்பட்டது, கிழிந்து கிடந்தது.

அவன் செய்தது கொலை. அந்தப் பதினாறு பிள்ளைகளின் பெற்றோர் முன்னால் நின்று, ஐயோ பாவம், அவனுக்கு மனநோய் என்று வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. மனச்சோர்வு பிடித்தவன் எல்லாம் கொலைகாரனாகி விடுவதுமில்லை; அந்த நோயோடு ஆலைக்கும் அலுவலகத்துக்கும் போய் ஒழுங்காக வேலை பார்த்து வருகிறவர்கள் கோடிக்கணக்கானோர். நமக்கு இருக்கின்ற கேள்வி வேறு. ஆண்டு தவறாமல் டாக்டர் முன்னால் நிறுத்திச் சோதிக்கப்படுகின்ற தொழில் அது. அப்படியிருந்தும், ஆஸ்பத்திரியிலே படுக்க வேண்டியவன் விமானத்திலே ஏறி உட்கார்ந்தது எப்படி?

சோதனை எப்படி நடக்கிறது என்பதைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானி, உரிமச் சீட்டு மட்டும் வைத்திருந்தால் போதாது. முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் வேண்டும். பன்னாட்டு விதிப்படி அது ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். 60 வயதைத் தாண்டியவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கண் இவ்வளவு தெரிய வேண்டும், கண்ணாடி போட்டாலும் சரி. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய வேண்டும். காது இத்தனை டெசிபல் ஒலியைக் கேட்க வேண்டும். இரத்த அழுத்தம், சிறுநீர், இதயத் துடிப்பின் வரைபடம் எல்லாம் பார்க்கிறார்கள். ஓராண்டுக்குள் ஒரு விமானி திடீரெனச் செயலற்றுப் போகும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கு மேலே இருக்கலாகாது என்பது பல நாடுகள் ஒப்புக்கொண்ட கணக்கு. நம் நாட்டில் ஒரு படி மேலே போய், விமானிகளைப் பயணத்துக்கு முன்னால் குழாயில் ஊதச் சொல்கிறார்கள். மது வாடை தெரிந்தால் முதல் முறை மூன்று மாதம் உரிமம் நிறுத்தம். இரண்டாம் முறை மூன்றாண்டு. மூன்றாம் முறை உரிமமே போயிற்று.

நல்லது. கடுமையான சோதனைதான். கடுமையாகவே இருக்கட்டும். விமானத்தில் ஏறுகிறவனும் நம்மவன்தான். துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் கொத்து வேலைக்குப் போகிறவன் உயிரும் உயிர்தான். ஆனால் கண்ணைப் பார்க்க எழுத்துப் பலகை உண்டு, காதைப் பார்க்கக் கருவி உண்டு. மனத்தைப் பார்க்க? அதற்கு உள்ளதெல்லாம் ஒரு கேள்வித்தாள். உமக்கு எப்போதேனும் மனநோய் உண்டா? தூக்கமின்மை உண்டா? மருந்து சாப்பிடுகிறீரா? 'ஆம்', 'இல்லை' என்று கோடிட வேண்டியவன் அந்த விமானியே. 'ஆம்' என்று கோடிட்டால் சீட்டு பறிபோகலாம் என்பது தெரிந்தும் அவனேதான் கோடிட வேண்டும். திருடனையே காவலுக்கு வைப்பது என்பார்கள். இது அதைவிட மோசம். யோக்கியனையும் திருடனாக்கும் ஏற்பாடு.

உடம்பையாவது கருவி சரியாகக் காட்டுகிறதா என்றால், அதிலும் ஓட்டை உண்டு. 1972 ஜூன் 18-இல் லண்டன் ஹீத்ரோவிலிருந்து கிளம்பிய டிரைடென்ட் விமானம் சில நிமிடங்களிலேயே ஸ்டெய்ன்ஸ் ஊரருகே வீழ்ந்து 118 பேர் மாண்டார்கள். தலைமை விமானிக்கு 51 வயது. வழக்கமான சோதனைகளில் தேறியவர். பிரேதப் பரிசோதனையிலேதான் தெரிந்தது, அவருடைய இதயக் குழாய்கள் கடுமையாக அடைபட்டிருந்தன என்பது. படுக்கவைத்து எடுத்த வரைபடம் அதைக் காட்டிக் கொடுக்கவில்லை. அந்தக் கோளாறு அவருடைய கவனத்தைக் குலைத்திருக்க வேண்டும் என்று விசாரணை மன்றம் கருதிற்று. அதற்குப் பிறகு, ஒருவர் சாய்ந்தால் மற்றவர் விமானத்தை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்ற பயிற்சிக்கு முக்கியத்துவம் வந்தது. பக்கத்து இருக்கையிலே ஒருவர் இருந்தால் இதயம் நின்ற விமானியைச் சமாளிக்கலாம். கதவைப் பூட்டிக்கொண்டவனை?

ஜெர்மனிக்கு வருவோம். பிரெஞ்சு நாட்டு விபத்து விசாரணை நிலையம் 2016 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, பொறுமையாகப் படிக்க வேண்டிய ஒன்று. அந்த வாலிபன் 2008-இல், பயிற்சியில் இருந்தபோதே, கடுமையான மனச்சோர்வில் விழுந்தான். பயிற்சி நின்றது. 2009 ஏப்ரலில் அவனுடைய மருத்துவச் சான்றைப் புதுப்பிக்க மறுத்தார்கள். சிகிச்சை பெற்றுத் தேறினான். அதே ஆண்டு ஜூலையில் சான்று கொடுத்தார்கள், ஒரு குறிப்போடு. நோய் மறுபடி தலைகாட்டினால் இந்தச் சான்று செல்லாது என்பது அதன் பொருள். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் போனான், தேறினான். கடைசியாக 2014 ஜூலையில் கொடுத்த சான்று, 2015 ஆகஸ்ட் வரை செல்லும். 2014 டிசம்பரில் நோய் திரும்பிற்று. டாக்டர் மாற்றி டாக்டராக அலைந்தான். 2015 மார்ச் 10-ஆம் நாள், அதாவது மலையிலே மோதுவதற்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு டாக்டர் மனநோய் ஆஸ்பத்திரியில் சேரும்படி எழுதியே கொடுத்தார். கையிலே செல்லுபடியாகும் சான்று. பையிலே ஆஸ்பத்திரிக்குப் போ என்ற சீட்டு. இரண்டும் ஒரே மனிதனிடம்! சான்று கொடுத்த டாக்டருக்குச் சீட்டு கொடுத்த டாக்டரைத் தெரியாது. சீட்டு கொடுத்த டாக்டர் சர்க்காருக்குச் சொல்லவில்லை; சொன்னால் நோயாளியின் இரகசியத்தை வெளியிட்ட குற்றத்துக்குத் தானே கூண்டில் ஏற நேரிடும் என்ற அச்சம். எந்தக் கட்டத்தில் இரகசியத்தை உடைக்கலாம் என்று அந்நாட்டுச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் அது போலீஸ் அறிக்கை. விசாரணை நிலையம் இன்னொரு பக்கத்தையும் புரட்டிற்று. அவனுடைய கணக்குப் புத்தகத்தை!

விமானப் பயிற்சிக்கு அவன் தன் பங்காகக் கட்ட வேண்டியிருந்தது 60,000 யூரோ. அதற்காக வாங்கிய கடன் ஏறத்தாழ 41,000 யூரோ. வேலையில் சேர்ந்த முதல் ஐந்தாண்டுக்குள் பறக்கும் தகுதியை நிரந்தரமாக இழந்தால், அவனுக்குக் கிடைக்கக்கூடியது ஒரே தடவையாக 58,799 யூரோ. கடனை அடைத்தால் மிச்சம் எவ்வளவு என்று நம் தோழர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு எஞ்சிய வாழ்நாளை ஓட்ட வேண்டும். இப்படிப்பட்ட நாளுக்காகவே வருமான இழப்புக் காப்பீடு என்று ஒன்று உண்டு. விமானிகள் சொந்தச் செலவில் எடுத்துக்கொள்வார்கள். அவனும் எடுக்க நினைத்தான். 2014 டிசம்பரில் அவன் எழுதிய ஒரு கடிதத்திலே அதைப் பற்றிச் சொல்கிறான்: மருத்துவச் சான்றில் அந்தக் குறிப்பு இருப்பதால் காப்பீடு கிடைப்பது தடைப்படுகிறது என்று.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்கத்தான் வேண்டும். 2009-இல் அவன் நோயை ஒளிக்கவில்லை. சிகிச்சை பெற்றான், அதிகாரிகளுக்கும் தெரிந்தது, சான்றிலே குறிப்பு ஏறிற்று. அந்த ஒளிவுமறைவின்மைக்குக் கிடைத்த பரிசு என்ன? காப்பீடு கிடையாது. ஒரு தடவை உண்மை வெளிப்பட்டதற்கே இந்தத் தண்டனை என்றால், இரண்டாம் தடவை வாய் திறப்பானா? சீட்டைக் கிழித்தான். கிழித்தது அவன் கை, குற்றம் அவனுடையது, அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தச் சீட்டைக் கிழிக்கத் தூண்டிய கணக்கை எழுதி வைத்தவர்கள் வேறு. நாம் கற்பனை செய்து சொல்வதல்ல இது. பறக்கும் உரிமை போய்விடுமே என்ற அச்சமும், வருமான இழப்புக்குக் காப்பீடு இல்லாததால் வரக்கூடிய பணக் கஷ்டமும், அவன் நோயை மறைத்ததற்குக் காரணங்களாயிருக்கக் கூடுமென்று விசாரணை நிலையமே எழுதியிருக்கிறது.

ஜெர்மனியிலே நோய் விடுப்புக்குச் சம்பளம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆறு வாரம் முழுச் சம்பளம். ஆறு வாரத்துக்காகவா ஒருவன் அஞ்சுவான்? ஏழாவது வாரம்தான் அவன் கண்ணுக்கு முன்னால் நிற்கும்.

அவன் ஒருவனோடு முடிந்த கதையா? அமெரிக்காவின் ஹார்வார்டு ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். பெயர் கேட்கவில்லை, சான்றைப் பறிக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. எனவே விமானிகள் மனம் விட்டு எழுதினார்கள். பதிலளித்த 1,848 பேரில் 233 பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல்! 75 பேர், கடந்த இரண்டு வாரத்தில் தற்கொலை எண்ணம் வந்ததென்று எழுதினார்கள். 2022-இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்விலே, பாதிக்கு மேற்பட்ட விமானிகள், சான்று போய்விடும் என்ற பயத்தால் டாக்டரிடம் போவதையோ உள்ளதைச் சொல்வதையோ தவிர்த்ததுண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். 2023 அக்டோபரில் அதே நாட்டிலே, விடுப்பில் பயணம் செய்த ஒரு விமானி, விமானிகளின் அறையிலே உபரி இருக்கையில் உட்கார்ந்திருந்தவர், இஞ்சினை நிறுத்தும் பிடிகளைப் பற்றி இழுத்தார். மற்ற இருவரும் தடுத்ததால் எண்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் தப்பின. அவரும் மனச்சோர்வை மறைத்து வந்தவர்தான்.

ஆகவே, சோதனையைக் கடுமையாக்கு, இன்னொரு கேள்வித்தாள் சேர், இன்னொரு டாக்டரை உட்கார வை என்று கூச்சலிடுகிறவர்களைப் பார்த்து நாம் கேட்கிறோம்: எதைச் சோதிக்கப் போகிறீர்கள்? மனத்தையா, அவன் பொய் சொல்லும் திறமையையா? டாக்டர்கள் இரகசியத்தை உடைத்துச் சர்க்காரிடம் சொல்லட்டும் என்கிறார்கள். ஊருக்கே ஆபத்து என்றால் சொல்லத்தான் வேண்டும். எப்போது சொல்லலாம் என்று சட்டம் திட்டமாக எழுதட்டும். அதிலே நமக்குத் தகராறு இல்லை. ஆனால் டாக்டர் சொல்லிவிடுவார் என்று தெரிந்தால், நோயாளி டாக்டரிடமே போகமாட்டானே! அப்போது கிழிக்கக்கூடச் சீட்டு இருக்காது.

வழி இல்லையா என்றால், உண்டு. அதுவும் ஐம்பது ஆண்டுகளாக உண்டு. 1974-இல் அமெரிக்காவிலே, குடிக்கு அடிமைப்பட்ட விமானிகளைப் பற்றி ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள். அதுவரை என்ன நடந்தது? குடித்தவன் மறைத்தான், கூடப் பறந்தவன் நண்பனைக் காட்டிக் கொடுக்க மனமில்லாமல் வாயை மூடிக்கொண்டான், கம்பெனி கண்டுபிடித்தால் சீட்டைக் கிழித்தது. புதிய ஏற்பாட்டிலே விமானிகளின் சங்கம் முன்னால் வந்தது. தன் சக விமானியிடமே ஒருவன் வந்து சொல்லலாம், சிகிச்சைக்கு அனுப்புவார்கள், தேறினான் என்று டாக்டர்கள் சொன்ன பிறகு, கண்காணிப்போடு மறுபடி பறக்க விடுவார்கள். ஆயிரக்கணக்கானோர் அப்படித் திரும்பியிருக்கிறார்கள். சொன்னால் வேலை போகும் என்பது போய், சொன்னால் வேலை திரும்பும் என்றாயிற்று. மனச்சோர்வுக்கோ அந்த நாட்டில் 2010 வரை கதவு சாத்தியே இருந்தது; மருந்து சாப்பிடுகிறேன் என்றால் பறக்க முடியாது. அந்த ஆண்டிலேதான் நான்கு மருந்துகளை மட்டும், நிபந்தனையோடு, அனுமதித்தார்கள். மருந்து சாப்பிட்டுத் தேறியவன் தரையிலே. மருந்தே சாப்பிடாமல் நோயை மறைத்தவன் வானத்திலே! இந்த விபரீதத்தைப் புரிந்துகொள்ள அத்தனை ஆண்டு பிடித்தது. 150 உயிர் போன பிறகு ஐரோப்பியக் கூட்டு நாடுகளும் 2018-இல் விதி எழுதின: ஒவ்வொரு விமானக் கம்பெனியும் சக ஊழியர் உதவி ஏற்பாட்டை வைக்க வேண்டும் என்று. அது நடைமுறைக்கு வந்தது 2021 பிப்ரவரியில்.

நம் கதைக்கு வருவோம். இங்கே 'அன்பிட்' என்ற சொல்லைக் கேட்டிராத தொழிலாளி இல்லை. விமானியைப் பற்றிப் பேசுகிறீர்களே, லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவனுக்கு நாம் ஏன் கண்ணீர் விட வேண்டும் என்று ஆலை வாசலிலே ஒரு தோழர் கேட்கக்கூடும். கேட்கட்டும். அவருக்கு நாம் காட்ட விரும்புவது ரெயில் எஞ்சின் ஓட்டும் தோழரை. அவருக்கும் சோதனை உண்டு. கண்பார்வையிலே ஏ-1 என்ற முதல் வகுப்பிலே தேற வேண்டும். சிக்னலின் சிவப்பு சிவப்பாகத் தெரிய வேண்டும். ஒருநாள் தெரியவில்லை, 'அன்பிட்' என்று எழுதிவிட்டார்கள். எஞ்சினை விட்டு இறக்கினார்கள். சரி, இறக்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டுக்கு அனுப்ப முடியாது! 1995 சட்டத்தின் 47-ஆவது பிரிவும், அதற்குப் பிறகு வந்த 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவும் சொல்கின்றன: பணியில் இருக்கும்போது ஊனமடைந்தவரைச் சர்க்கார் நிறுவனம் நீக்கலாகாது, பதவியைக் குறைக்கலாகாது, பழைய வேலைக்குப் பொருந்தாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை கொடு, வேறு இடம் இல்லையா, உபரியாக ஓர் இடத்தை உண்டாக்கி அதிலே வை. 2025 ஆகஸ்டில், நிறம் பிரித்தறிய முடியவில்லையென்று வெளியேற்றப்பட்ட தெலங்கானா அரசுப் பேருந்து டிரைவர் ஒருவருக்கு வேறு வேலை கொடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சோதனையும் இருந்தது, சோறும் இருந்தது. கண் மங்குகிறது என்று எஞ்சின் டிரைவர் துணிந்து சொல்ல முடிகிறதென்றால், பின்னால் இப்படியொரு சட்டம் நிற்பதால்தான்.

அந்த 20-ஆவது பிரிவிலே ஒரு சொல் இருக்கிறது: 'சர்க்கார் நிறுவனம்'. ஏர் இந்தியா சர்க்கார் நிறுவனமாக இருந்தவரை அந்தச் சொல்லின் நிழல் அங்கே பறந்தவர்கள் மீதும் விழுந்தது. 2022 ஜனவரியில் அதை டாட்டாவிடம் ஒப்படைத்தார்கள். இன்று இந்நாட்டு வானத்திலே பறக்கும் பெரிய கம்பெனிகள் எல்லாம் தனியார் கம்பெனிகள். மனநோயும் அந்தச் சட்டத்தின் பட்டியலிலே இருக்கிறது. ஆனால் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த விமானி எந்தக் கதவைத் தட்டுவான்?

தகுதி என்ற சொல்லை முதலாளி கையிலே கொடுத்தால் என்ன செய்வான் என்பதற்குப் பழைய சான்று ஒன்றும் உண்டு. ஏர் இந்தியாவின் விமானப் பணிப்பெண்களுக்கு ஒரு காலத்திலே விதி இருந்தது: 35 வயதானால் வெளியே, சேர்ந்து நான்காண்டுக்குள் மணம் செய்துகொண்டால் வெளியே, முதல் தடவை கருவுற்றால் வெளியே! தாய்மை அவர்களுக்குத் தகுதிக் குறைவாயிற்று. வழக்குப் போட்டார்கள் அந்தப் பெண்கள். 1981-இல் உச்ச நீதிமன்றம் கருவுற்றால் வெளியே என்ற விதியை அடித்து வீழ்த்தியது. திருமண விதியைத் தொடவில்லை. சர்க்கார் கம்பெனியிலேயே இந்தக் கூத்து. இப்படிப்பட்ட வரலாறு உள்ள இடத்திலே, ஊழியர்கள் மருத்துவச் சோதனையைக் கண்டு ஏன் அஞ்சுகிறார்கள் என்று கேட்பது வேடிக்கை.

களைத்த உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டுச் சோதனையில் தேறியவன், மூன்றாவது இரவும் விழித்து விமானம் இறக்கினால், அன்றைக்கு அவன் தகுதியுள்ளவனா? இதற்காக 2024 ஜனவரியில் டில்லி விதி வகுத்தது: வார ஓய்வு 36 மணி போதாது, 48 மணி வேண்டும், இரவில் விமானம் இறக்குவதற்கும் வரம்பு. நல்ல விதி. நீதிமன்றம் வரை போய், 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரண்டு தவணையிலே நடைமுறைக்கு வந்தது. டிசம்பர் பிறந்தது, நாட்டிலேயே பெரிய கம்பெனியான இண்டிகோ, போதிய விமானிகளைத் தயார்ப்படுத்தி வைக்காமல், ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்தது. விமான நிலையங்களிலே மக்கள் பெட்டிகளின் மேலே படுத்துக் கிடந்தார்கள். டில்லி என்ன செய்தது? விதியை அந்தக் கம்பெனிக்குத் தற்காலிகமாகத் தளர்த்திற்று. ஏறத்தாழ இரண்டாண்டு அவகாசம் கிடைத்தும் ஆள் எடுக்காத கம்பெனிக்குச் சலுகை. தூக்கம் கேட்ட விமானிக்குப் பொறுத்துக்கொள் என்ற உபதேசம்!

2025 ஜூன் 12-ஆம் நாள் ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் வீழ்ந்து, தரையிலிருந்தோர் உட்பட 260 பேர் மாண்ட கோரத்தை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த விபத்தின் காரணத்தைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. இறந்துபோன விமானிகளின் மனத்தை, தொலைவிலிருந்து அறுத்துப் பார்த்த பத்திரிகைகளின் வேலையை நாமும் செய்வதாக இல்லை. அதற்கு நான்கு நாள் கழித்து நடந்த ஒன்றைத்தான் சொல்கிறோம். ஜூன் 16-ஆம் நாள் அந்தக் கம்பெனியின் 112 விமானிகள் உடல்நலமில்லை என்று விடுப்புச் சொன்னார்கள். நாடாளுமன்றத்திலே மந்திரியே கொடுத்த எண்ணிக்கை இது. சில பேர் இதைக் கேட்டு முகம் சுளித்தார்கள். நமக்கோ, அந்த நாளிலே இன்று என்னால் முடியாது என்று சொல்லும் துணிவு 112 பேருக்கு இருந்ததே என்று ஆறுதல் தோன்றிற்று. அதைச் சொல்லாமல் விமானத்திலே ஏறியிருந்தால் யாருக்கு என்ன இலாபம்? அதே பதிலிலே மந்திரி மற்றொன்றும் சொன்னார்: விமானிகளின் மனநலத்தைச் சோதனையின்போது கண்டறியவும், சக ஊழியர் உதவிக் குழுக்களை அமைக்கவும் 2023 பிப்ரவரியிலேயே சுற்றறிக்கை அனுப்பியாயிற்று என்று.

சுற்றறிக்கை அனுப்பினார்கள், மகிழ்ச்சி. குழுவிடம் போய் மனம் திறந்து பேசியவனுக்கு அடுத்த மாதச் சம்பளம் யார் கொடுப்பது? விமானியின் வருமானத்தில் பெரும்பகுதி பறந்த மணிக்கணக்கைப் பார்த்து வருவது. தரையிலே உட்கார்ந்தவனுக்கு அது இல்லை. வீட்டுக் கடன், பயிற்சிக் கடன் இரண்டும் தரையிலே உட்காருவதில்லை. தகுதி இழப்புக் காப்பீட்டின் தவணையைக் கம்பெனி கட்ட வேண்டும். முன்பு நோயுற்றுத் தேறியவன் என்பதற்காகக் காப்பீட்டை மறுக்கக் கூடாது. தற்காலிகமாகத் தகுதியிழந்த நாட்களுக்குச் சராசரி வருமானம் தர வேண்டும். 20-ஆவது பிரிவைத் தனியார் விமானக் கம்பெனிகளுக்கும் நீட்ட வேண்டும். இவற்றைக் கேட்பது விமானிகள் சங்கத்தின் வேலை மட்டுமல்ல. தனியார் பேருந்து ஓட்டுகிறவனும், லாரி ஓட்டுகிறவனும், துறைமுகத்திலே கிரேன் ஏறுகிறவனும் அதே வரிசையிலேதான் நிற்கிறார்கள். அவர்களுக்கு 58,799 யூரோகூட இல்லை.

நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்திலே நம் உறுப்பினர்கள் ஒரு கேள்வியைப் பதிவு செய்யட்டும். சென்ற ஓராண்டில் எத்தனை விமானிகளுக்குத் தகுதியில்லை என்று எழுதினீர்கள்? அவர்களில் எத்தனை பேர் தாமே வந்து சொன்னவர்கள்? அப்படிச் சொன்னவர்களில் எத்தனை பேர் வீட்டுக்கு அந்த மாதம் சம்பளம் போயிற்று?